புதுச்சத்திரத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது

வசந்தாமணியை அவளுடைய அம்மா சென்னியம்மாள் அடுத்தவர் காதுபட ஒருநாளும் மெச்சியது கிடையாது.

"எங்கீங்க, அது ஒரு மக்குங்க. ஏதோ போவுது வருது" என்பாள், யார் கேட்டாலும். வசந்தாமணி சேலத்து விடுதிப் பள்ளியில் முதலாவதாக வந்த வருஷமும் அதையேதான் சொன்னாள். சென்னைக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது உறவுக்காரர்கள் கூட்டமாக வந்து விசாரித்தார்கள். "எடம் காலியா இருந்துச்சாமாங்க, சேத்துக்கிட்டாங்களாமா" என்று சொல்லிவிட்டு மோர் கரைக்கப் போய்விட்டாள். வசந்தாமணி சமையலறைக் கதவோரம் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒன்றும் பேசமாட்டாள். பேசாமல் இருப்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வந்த பழக்கம். அம்மா சொன்ன வார்த்தை மட்டும் நெருஞ்சி முள்ளைப் போல எங்கோ ஓரிடத்தில் தைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

புதுச்சத்திரத்துக்குக் கிழக்கே தோட்டமும் இரண்டு கிணறும் உள்ள குடும்பம். அந்தப் பக்கத்தில் பெண்பிள்ளைகளைப் படிக்க வைக்கிற வழக்கமே இல்லாத காலம் அது. அப்பா அப்புசாமிக்கு மட்டும் ஒரு பித்துப் பிடித்திருந்தது. பொதுக்கிணற்றில் தண்ணீர் முறை சம்பந்தமான வழக்குக்காக அவர் சேலத்து வக்கீல் வீட்டுக்கு நடையாய் நடந்தார். ஒருநாள் வக்கீல் இல்லாத நேரத்தில் அவருடைய மகள் வந்து, எதிர்க்கட்சிக்காரன் கொடுத்த மனுவை இங்கிலீஷில் வாசித்து, தமிழில் விளக்கிச் சொன்னாள். அப்புசாமி பிரமித்துப்போய் வீட்டுக்கு வந்தார். "அந்தப் புள்ளைக்கு நம்ம வசந்தா வயசுதான் இருக்கும். என்னமாப் படிக்குது!" என்று பார்ப்பவரிடமெல்லாம் சொன்னார். வழக்கு தோற்றுப்போனது. ஆனால் பத்து வயது வசந்தாமணி, தகரப்பெட்டியுடன் சேலத்து விடுதிக்குப் போய்ச் சேர்ந்தாள்.

சென்னையில் அவள் எடுத்துக்கொண்ட படிப்பு மனோதத்துவம். அதிலும் குழந்தைகளின் மனம் எப்படி வளர்கிறது என்பது. முதல் வகுப்பிலேயே பேராசிரியர், "ஒரு குழந்தையின் அருகில் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல், அது செய்வதை எல்லாம் பாருங்கள். இதுதான் உங்கள் பாடம்" என்றார். வசந்தாமணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பதற்குக்கூடவா ஒரு படிப்பு! கூச்சம் பிடித்தவள் என்று ஊரே சொன்ன அவளுக்கு, தன்னை நினைத்தே யாரோ இந்தப் படிப்பை ஏற்படுத்தியதுபோல் இருந்தது.

அப்பாவுக்கு மட்டும் இது சரியாகப் பிடிபடவில்லை.

"மனசைப் பத்திப் படிக்கிறதா? யாரு மனசை?"

"சின்னப் புள்ளைங்க மனசைங்கப்பா."

"அதுங்களுக்கு ஏது சாமி மனசு? பசி ஒண்ணு, தூக்கம் ஒண்ணு. அதுக்கு மேல என்ன இருக்குது?"

அதற்கு மேல் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தைந்தாம் வருஷத்துக் கோடையில் அவள் ஒரு மரப்பெட்டியோடு ஊருக்கு வந்து இறங்கினாள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைச் சோதித்து ஒரு கட்டுரை எழுத வேண்டும். ஆனி மாதம் முடிவதற்குள் அது சென்னைக்குப் போய்ச் சேர வேண்டும். கட்டுரை தேறினால் பட்டம். பட்டம் கிடைத்தால் சேலத்தில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் ஒரு வேலை என்று பேராசிரியர் சொல்லி வைத்திருந்தார்.

சென்னியம்மாள் வேறொன்று சொல்லி வைத்திருந்தாள். எடப்பாடியில் ஒரு மாப்பிள்ளை. பருத்திக்காடும் வண்டி மாடும் உள்ள இடம்.

"இந்த வருசத்தோட முடிச்சியானா முடிச்சே. தேறலே, இன்னொரு வருசம்னு வந்து நின்னியானா, ஆவணியில கண்ணாலம். இப்பவே சொல்லிப்போட்டேன்."

வசந்தாமணி தலையை ஆட்டினாள். தேறாமல் போவதற்கு என்ன இருக்கிறது? ஊர் நிறையக் குழந்தைகள் இருக்கின்றன.

ஆனி பிறந்தால் நிலக்கடலை விதைப்பு. அதற்கு முந்தின நாட்களில், தோட்டத்துப் புளியமரத்து நிழலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து விதைக்கடலை உரிப்பார்கள். கூடவே அவர்களுடைய குழந்தைகளும் வந்துவிடும். வசந்தாமணி பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கேயே போனாள். பெட்டிக்குள் சிவப்பு மரக்கட்டைகள், கோக்கிற மணிகள், ஒரு துணிப்பொம்மை, படம் வரைந்த அட்டைகள். சென்னையில் கொடுத்த அட்டைகளில் புகைபோக்கி வைத்த வீடும் பனியில் சறுக்குகிற பையனும் இருந்தார்கள். அவற்றை ஒதுக்கிவிட்டு, மாடு, கோழி, குடம், உலக்கை என்று அவளே வரைந்துகொண்டாள்.

முதல் சிரமம் வயது கேட்பதில் வந்தது.

"எப்பப் பொறந்தா?" என்று கேட்டால், சின்னாயி, "மேக்காலக் கெணத்துல மண்ணு சரிஞ்சுதுங்களே, அதுக்கு மறு வெள்ளாமையிலிங்க அம்மிணி" என்றாள். அது எந்த வருஷம் என்று அப்பாவிடம் போய்க் கேட்டால், அவர் கிணறு சரிந்த கதையை முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அதையும் தாண்டி, சோதனை ஆரம்பமானது. முதலில் சின்னாயியின் மகள் குப்பாயி. நான்கு வயது. இவளுக்கு முன்னால் பிறந்த இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. அதனால் இவள் பிறந்தவுடன் குப்பைமேட்டில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்து, குப்பாயி என்று பேர் வைத்திருந்தார்கள். குப்பையை யார் வந்து கொண்டுபோகப் போகிறார்கள் என்று.

"கண்ணு, இது என்ன படம் சொல்லு பாக்கலாம்?"

குப்பாயி மாட்டுப் படத்தைப் பார்த்தாள். வசந்தாமணியைப் பார்த்தாள். வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இந்தப் பொம்மைக்குக் கண்ணு எங்க இருக்குது?"

பதில் இல்லை. மரக்கட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கச் சொன்னால், ஒரு கட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மணி கோக்கச் சொன்னால் நூலைக் கீழே போட்டாள்.

சின்னாயி கடலை உரிப்பதை நிறுத்திவிட்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் ஒவ்வொன்றிலும் தோற்கத் தோற்க அவள் முகம் மலர்ந்துகொண்டே போனது.

"நாந்தான் அப்பவே சொன்னனுங்களே அம்மிணி. அது ஒண்ணுந் தெரியாத மண்ணாங்கட்டிங்க."

"என்ற பையன் அதுக்கு மேலீங்க" என்றாள் பக்கத்தில் இருந்த பாவாயி, விட்டுக்கொடுக்காமல். "வெறும் உலக்கைங்க. சாப்பாட்டுக்கு மட்டுந்தான் வாயத் தொறப்பான்."

பாவாயியின் பையனும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த குழந்தையும் அப்படியே. இரண்டு வயதுக்காரர்களை அம்மாக்கள் கொண்டுவரவே இல்லை. கேட்டால், தூங்குகிறான், காய்ச்சல், ஆத்தா வீட்டுக்குப் போயிருக்கிறான் என்று சாக்குச் சொன்னார்கள்.

வசந்தாமணி கலங்கிப் போனாள். எந்த வயதில் குழந்தை என்ன செய்யும் என்று அமெரிக்காவில் யாரோ ஒரு டாக்டர் போட்ட அட்டவணை அவளிடம் இருந்தது. அதன்படி பார்த்தால் புதுச்சத்திரத்து நாலு வயதுப் பிள்ளைகள் ஒன்றரை வயதிலேயே நின்றுபோனவர்கள். இதை எழுதிக் கொடுத்தால் ஊருக்கே அவமானம். பேராசிரியரும் நம்பமாட்டார். எழுதாமல் விட்டால் ஆவணியில் எடப்பாடி. அட்டவணை பொய் சொல்லுமா? அச்சடித்த அட்டவணையாயிற்றே. அந்தக் குப்பாயி காலையில் ஆட்டை மடக்கி ஓட்டுவதையும், தம்பி கிணற்றுப் பக்கம் போனால் சட்டையைப் பிடித்து இழுத்து வருவதையும் அவளே பார்த்திருக்கிறாள். பார்த்தும் அதை அட்டவணையோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. விடுதியிலேயே வளர்ந்ததில், ஊர்க்காரியாக இருப்பது எப்படி என்பது பாதி மறந்துபோயிருந்தது.

ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனவள், பெட்டியை மரத்தடியிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். நினைவு வந்து திரும்பி வந்தாள். பெண்கள் எல்லாரும் வாய்க்காலில் கைகால் கழுவப் போயிருந்தார்கள். மரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு வைக்கோல் போர். அதைத் தாண்டப் போனவள், ஒரு குரல் கேட்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"கண்ணு, இது என்ன படம் சொல்லு பாக்கலாம்?"

அவளுடைய குரலேதான். அவள் பேசுகிற இழுப்பு, கூச்சத்தில் கடைசி வார்த்தையை விழுங்குவது, எல்லாம் அப்படியே. எட்டிப் பார்த்தாள். அவள் உட்கார்கிற கவிழ்த்த கூடைமேல் குப்பாயி உட்கார்ந்திருந்தாள். தாவணி போலத் தோளில் ஒரு கோணிக் கிழிசல். காதுக்குமேல், வசந்தாமணி பென்சில் செருகுவது போல, ஒரு குச்சி. எதிரே அவளுடைய தம்பி, காய்ச்சல் என்று சாக்குச் சொல்லிக் காட்டாமல் வைத்திருந்த இரண்டு வயதுச் சென்றாயன். பக்கத்தில் சிவப்புக் கட்டைகள் கோபுரமாக நின்றன. மணிகளும் மாலையாகக் கிடந்தன. அதுவும் சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று என்று மாற்றி மாற்றி.

"மாடு!" என்றான் சென்றாயன்.

குப்பாயி அவன் வாயில் லேசாக ஒரு தட்டுத் தட்டினாள். "சொல்லப்படாதுடா! அம்மிணி கேட்டாத் தெரியாதுன்னு சும்மா இருக்கோணும். சொன்னியானா கண்ணு பட்டுப் போயிரும். இப்பப் பாரு, இப்புடி..."

சொல்லிவிட்டு வாயைப் பிளந்து, கண்ணை எங்கேயோ நட்டு, மண்ணாங்கட்டி மாதிரி ஒரு முகத்தைச் செய்து காட்டினாள். வசந்தாமணி தினமும் பார்த்துக் கவலைப்பட்ட அதே முகம்.

"இப்ப நீ பண்ணு. இது என்ன?"

"மாடு!"

"அட மக்கே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் குப்பாயி.

வைக்கோல் போருக்குப் பின்னால் வசந்தாமணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அத்தனை நாளும் அடக்கியிருந்த அழுகையோ சிரிப்போ, வயிறு வலிக்க வலிக்க வந்தது.

சாயங்காலம் சின்னாயியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். சின்னாயி முதலில் நெளிந்தாள். அப்புறம் சொன்னாள்.

"பின்ன என்னங்க அம்மிணி. பேரை எழுதுறீங்க, வயசை எழுதுறீங்க. இது இதெல்லாம் செய்யுதுன்னு எழுதிப் பட்டணத்துக்குக் கொண்டுக்கிட்டுப் போனா, அங்கத்து சனமெல்லாம் படிக்காதுங்களா? இங்க நாலு கண்ணு பட்டதுக்கே ரெண்டைக் குடுத்துட்டு நிக்கறனுங்க. பட்டணத்துக் கண்ணு எத்தனீங்க?"

வசந்தாமணி படித்த புத்தகங்கள் எதிலும் இந்தக் கணக்கு இல்லை. வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் ஒரே யோசனை. குப்பைமேட்டில் புரட்டியவள், மண்ணாங்கட்டி என்றவள், மகள் தோற்கத் தோற்க மகிழ்ந்தவள்... வாசலுக்கு வந்தபோது சட்டென்று நின்றாள். நெருஞ்சி முள் இருந்த இடம் ஒருதரம் சுருக்கென்றது.

சென்னியம்மாள் மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்கம்மா, நீங்க என்னை எல்லார்கிட்டயும் மக்கு மக்குன்னு சொல்றீங்களே..."

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"நெசமாலுமே மக்குன்னு நெனச்சுத்தான் சொல்றீங்களா?"

சென்னியம்மாள் ஆட்டுக்கல்லை நிறுத்தினாள். மகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பட்டணத்துல போயி என்னத்தடி படிச்சே நீ? இந்தச் சுத்துப்பட்டுல எவ மக இப்புடிப் படிச்சிருக்கா? வாரவ போறவ எல்லாம் உன்னையே கண்ணுல வெச்சுக்கிட்டுத் திரியறா. அவிய கேக்க, என்ற மக கெட்டிக்காரி, மொதலாவதா வந்தான்னு தமுக்கடிக்கச் சொல்றியா? ஒவ்வொருக்காவும் நீ தேறின சேதி வாரப்ப நான் எத்தனை மொளகாயச் சுத்தி அடுப்புல போட்டிருப்பேன்னு உங்கப்பனைக் கேளு. இருமி இருமிச் செத்தாரு மனுசன்."

வசந்தாமணி பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டுக்கல்லில் பருத்திக்கொட்டையைத் தள்ளிவிட ஆரம்பித்தாள். சற்று நேரம் கழித்து, புளியமரத்தடியில் நடந்ததையெல்லாம் சொன்னாள். குப்பாயி செய்த முகத்தைச் செய்தும் காட்டினாள். சென்னியம்மாள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப உன்ற கட்டுரை?"

"போச்சுங்க. எழுதினதெல்லாம் தப்பு. மறுக்காக் கேட்டாலும் காட்டமாட்டாங்க."

சென்னியம்மாள் குழவியை மறுபடியும் சுற்ற ஆரம்பித்தாள். எடப்பாடி மாப்பிள்ளைக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வராது. அது அவளுக்குத் தெரியும். வசந்தாமணிக்கும் தெரியும்.

"நாளைக்கு நானும் வாரேன்" என்றாள் சென்னியம்மாள்.

மறுநாள் அவள் புளியமரத்தடிக்கு வந்த கோலத்தை வசந்தாமணி நெடுநாள் வரை சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறாள். ஒரு கையில் நெருப்புச் சட்டி. மறுகையில் உப்பும் மிளகாயும் வைத்த முறம். பெண்களுக்கு நடுவில் நெருப்புச் சட்டியை வைத்து, சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு அறிவித்தாள்:

"இங்க பாருங்க புள்ளைங்களா. பேரு ஒண்ணும் எழுதமாட்டா. பேருக்குப் பதிலா கல்லு, முள்ளு, ஓடு, கந்தல்னு எழுதிக்குவா. அதுக மேல எவங் கண்ணு படும்? ஒவ்வொரு புள்ளையும் செஞ்சு முடிச்சதும் நானே சுத்திப் போட்டுடறேன். என்ற மகளுக்குச் சுத்தின கை இது. பட்டணத்துக்குப் போயி வருசமாச்சு, ஒரு தலைவலி வந்திருக்குதா கேளுங்க."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சின்னாயிதான் முதலில் எழுந்தாள். குப்பாயியின் முதுகில் கை வைத்து, "போ சாமி. கேக்கறதைச் சொல்லு" என்றாள்.

குப்பாயி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். நிஜமாகத்தானா என்று கண்ணாலேயே கேட்டுக்கொண்டாள். அப்புறம் மடை திறந்தாற்போல் கொட்டினாள். மாடு என்று நிறுத்தவில்லை. "இது மாடுங்க, ஆனா கொம்பு தப்பா எழுதியிருக்கறீங்க, நம்ம மயிலை மாட்டுக்கு இப்புடி வளைஞ்சிருக்கும்" என்று திருத்தினாள். பாவாயியின் பையன் உலக்கைப் படத்தைக் காட்டி, "இது நானு" என்றான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஒவ்வொரு குழந்தையும் முடித்ததும் சென்னியம்மாள் உப்பையும் மிளகாயையும் சுற்றி நெருப்பில் போட்டாள். எல்லாருமாக இருமினார்கள். புகை அடங்கும்வரை சோதனை நிற்கும். வசந்தாமணி இருமிக்கொண்டே எழுதினாள்.

இருமலுக்கு நடுவே அவள் மனம் வேறொன்றில் சிக்கிக்கொண்டிருந்தது. சென்றாயனால் ஏன் ஒளிக்க முடியவில்லை? அக்காள் அத்தனை சொல்லிக் கொடுத்தும் "மாடு" என்று கொட்டிவிட்டானே. அடுத்து வந்த நாட்களில் சோதனைக்குப் பிறகு பிள்ளைகளோடு ஒரு விளையாட்டு விளையாடினாள். அதற்குத் 'தெரியாத ஆட்டம்' என்று பேர். தெரிந்தாலும் தெரியாதது போல இருக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு வயதுக்காரர்கள் கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிட்டார்கள். மூன்று வயதுக்காரர்கள் "தெரியாது" என்று வாயால் சொன்னார்கள், ஆனால் கண் நேராகச் சரியான படத்துக்குப் போய் நின்றது. நாலு வயதானவர்கள்தான் வாயையும் கட்டிக் கண்ணையும் கட்டினார்கள். எதிரில் இருப்பவளுக்குத் தங்கள் மனதில் இருப்பது தெரியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அட்டவணையில் இதற்கு இடமே இல்லை. அவள் அதைக் கட்டுரையின் கடைசி அத்தியாயமாக எழுதினாள்.

ஆனி முடிய இருந்த சமயத்தில் கட்டுரையோடு சென்னைக்குக் கிளம்பினாள். நாமக்கல்லிலிருந்து வருகிற சேலம் பஸ்ஸுக்காக ரோட்டோரத்தில் நின்றபோது சென்னியம்மாள் சொன்னாள்:

"எடப்பாடிக்காரங்களுக்குச் சொல்லியனுப்பிச்சுட்டேன்."

"என்னன்னுங்கம்மா?"

"என்ற மக மகா மக்குங்க, இன்னும் படிச்சு முடிக்கலே, எப்ப முடிப்பாளோ தெரியாதுங்க, நீங்க வேற எடம் பாத்துக்குங்கன்னு." பஸ் வருகிற தூசியைப் பார்த்தபடியே, மகளின் காதுக்குப் பின்னால் கட்டைவிரலால் ஒரு கரிப்பொட்டை இழுத்துவிட்டாள்.

சென்னையில் வாய்மொழித் தேர்வு. பேராசிரியரோடு வெளியூரிலிருந்து வந்த ஒரு பரீட்சகர். வயதானவர். அவர் கட்டுரையைப் புரட்டி, "கல், முள், கந்தல் என்றெல்லாமா குழந்தைகளுக்குப் பெயர் வைக்கிறார்கள்?" என்று கேட்டார். காரணத்தைச் சொன்னாள். "இடையிடையே இருமல் என்று எழுதியிருக்கிறீர்களே, ஊரில் ஏதாவது நோயா?" என்றார். அதற்கும் காரணத்தைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். கடைசி அத்தியாயத்துக்கு வந்தபோது சிரிக்கவில்லை. இரண்டு தரம் படித்தார்.

"அருமையாகக் கவனித்திருக்கிறீர்கள்" என்றார்.

வசந்தாமணி தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியாதுங்க. ஏதோ பார்த்ததை எழுதினேன்."

பரீட்சகர் அந்தப் பக்கத்தை அவள் பக்கமாகத் திருப்பி வைத்து, விரலால் தட்டினார். "தெரிந்ததைத் தெரியாதென்று சொல்ல நாலு வயதுக்கு மேல் யாராலும் முடியும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, அம்மா."

பட்டம் கிடைத்தது. சேலத்து வேலையும் கிடைத்தது. "சின்னப் புள்ளைங்களுக்கு வெளையாட்டுக் காட்டுற வேலையாமாங்க. வேற என்னத்துக்கு ஆவும் அது" என்று சென்னியம்மாள் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள்.

மறு வருஷம் பள்ளிக்கூடம் திறந்தபோது, லீவில் வந்திருந்த வசந்தாமணியே சின்னாயியோடு போய்க் குப்பாயியை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள். வாத்தியார் குனிந்து கேட்டார்.

"ஏம் பாப்பா, ஒண்ணு ரெண்டு சொல்லத் தெரியுமா?"

வாத்தியார் புது ஆள். குப்பாயி அவரை ஒருதரம் அளந்து பார்த்தாள். வாயைப் பிளந்தாள். கண்ணை எங்கேயோ நட்டாள்.

"கொஞ்சம் மந்தமோ?" என்று வாத்தியார் வசந்தாமணியிடம் தணிந்த குரலில் கேட்டார்.

"ஆமாங்க" என்றாள் வசந்தாமணி. "கொஞ்சம் மக்குங்க. பாத்துச் சொல்லிக் குடுங்க." சொல்லிக்கொண்டே, அவர் பேனாவை மையில் தோய்க்கிற நேரம் பார்த்து, குப்பாயியின் காதுக்குப் பின்னால் கட்டைவிரலால் ஒரு கரிப்பொட்டை இழுத்துவிட்டாள்.